கல்விக் கடனும் நீதிமன்றத் தீர்ப்பும்

‘கடன்’ என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஒருவன் செய்தற்குரிய கடமையும் கடன். அவன் வாங்கித் திருப்பிக் கொடுத்தற்குரிய பொருளும் கடன். கல்வியைப் பொறுத்த அளவில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் சமுதாயத்தின் கடன் என்று ஏற்றுக்கொண்ட நாட்டிற் கற்கும் பிள்ளை கடனாளி ஆவதில்லை. சமுதாயம் அக்கடனைத் தன் தோளினின்றும் இறக்கிவைக்கும்போது அது பணக்கடனாய் மாறிப் பிள்ளையின் தோளில் ஏறுகின்றது.

இம்மலர் வெளிவரும் இவ்விழாக் காலத்திற் பழைய மாணவராகிய நம்மிடையே ஓர் எண்ணம் உலவுகின்றது. உயர்கல்விக்குச் செல்லும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவ ஒரு நிதியம் அமைத்தல் வேண்டும் என்பதே அது. எண்ணத்தில் எவர்க்கும் மாறுபாடு இல்லை. உதவியை நன்கொடையாக அளிப்பதா, கடனாக அளிப்பதா என்பதிலேயே கருத்துகள் இரண்டாகப் பிரிகின்றன. கடனாக அளித்தாற் பணம் சுழன்று பலருக்குப் பயன்படும் என்பர் ஒருசாரார். பட்டம் பெற்று வேலை தேடி அலையும் பிள்ளையிடம் தவணை கேட்டு நிற்பது நமக்கு அழகன்று என்பர் மற்றொரு சாரார். கொடுத்த கடன் திரும்பாவிடத்து அதனை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் வினாவை இரு சாராரும் இன்னும் எழுப்பவில்லை. அண்மைக் காலத்தில் உலகின் பெரிய நீதிமன்றங்கள் சில இவ்வினாவையே எதிர்கொண்டன. அவற்றின் தீர்ப்புகளை ஆராய்ந்து, நமக்கு வேண்டிய பாடத்தைப் பெறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஊரின் பழைய கடனும் புதிய கடனும்

கடன் நம் மண்ணுக்குப் புதியதன்று. படுவான்கரையில் வயல் செய்த நம் முன்னோர் போடியாரிடம் விதைநெல் கடனாகப் பெற்று, சூடு மிதித்தபின் களவெட்டியிலேயே மரைக்காலால் அளந்து தீர்த்தனர். வெள்ளம் வயலைக் கொண்டுபோன ஆண்டில் நல்ல மனம் படைத்த போடியார் அளவைக் குறைத்துக்கொள்வார். அல்லது அடுத்த போகத்துக்குத் தள்ளிவைப்பார். மனம் இரங்காதவரிடம் கடன்பட்டவன் மாட்டை விற்றான். பின்பு காணியை ஈடு வைத்தான். இருவரிடத்தும் இருந்த குறை ஒன்றே. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பது எழுத்தில் இருந்ததில்லை. கொடுத்தவர் முகத்தைப் பார்த்தே வாங்கியவன் வாழ்ந்தான்.

கல்விக்காகக் கடன்படும் நிலை மாத்திரம் நம் தந்தையர் தலைமுறையிற் பெரும்பாலும் இருக்கவில்லை. அதற்குக் காரணம் 1945ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்கள் நடைமுறைப்படுத்திய இலவசக் கல்வித் திட்டமாகும். பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. அதற்கு முன்னரே நம் மட்டக்களப்பு மண்ணில் விபுலாநந்த அடிகளார் 1929ஆம் ஆண்டிற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிக் கல்வியை அறமாக வளர்த்தார். அரசின் சட்டமும் துறவியின் தொண்டும் ஒரே கொள்கையைக் கொண்டிருந்தன: கற்பிக்கும் கடன் பெரியோருடையது, கற்கும் பிள்ளைக்குக் கடன் இல்லை.

பல்கலைக்கழகம் புகுந்த வறிய மாணவரின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் 1981ஆம் ஆண்டு முதல் மகாபொல புலமைப்பரிசில் உதவி வருகின்றது. அமைச்சர் லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் அவ்வாண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நம்பிக்கை நிதியம் இதனை வழங்குகின்றது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகையை 7,500 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் வழிசெய்தது. இது கொடை, மாணவர் திருப்பிச் செலுத்த வேண்டியதன்று.

ஆயினும், உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. எஞ்சிய மூவரின் நிலை என்ன? இவர்களுக்காகவே 2017ஆம் ஆண்டில் அரசு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களிற் பட்டப்படிப்பை மேற்கொள்வோருக்கு, நான்காண்டுப் படிப்பாயின் 8 இலட்சம் ரூபா வரையிற் கடன் தருவதாக அது தொடங்கப்பெற்றது. வட்டியை அரசு ஏற்கும்; முதலை மாணவர் படித்து முடித்தபின் தவணைகளாகச் செலுத்துதல் வேண்டும். இத்திட்டத்திற் சேராதோர் சிலர் வங்கிக் கடனையும், தாயின் நகையையும், காணியின் உறுதியையும் நம்பிப் படிக்கின்றனர். எனவே, களவெட்டியில் இருந்த கடன் இப்பொழுது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. வேலை கிட்டாமையும் நோயும் இக்கடனாளிக்கு வரும் வெள்ளம் ஆகும். அவ்வெள்ளம் வந்தால் என்ன செய்வது?

அமெரிக்க நாட்டு வழக்கு

கல்விக் கடன் மலைபோற் குவிந்த நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு மத்திய அரசுக்கு மாணவரும் முன்னாள் மாணவரும் செலுத்த வேண்டிய தொகை 1.6 இலட்சங்கோடி டொலர் அளவினது. கடனாளிகள் நான்கு கோடிக்கு மேற்பட்டோர். கொவிட் நோய் பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தவணைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பின்பு, 2022ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் சனாதிபதி பைடன் ஒரு பெருந் தள்ளுபடியை அறிவித்தார். ஆண்டு வருமானம் 125,000 டொலருக்குக் குறைந்தவருக்கு 10,000 டொலர் வரையும், வறிய மாணவருக்கான பெல் உதவிக்கொடை பெற்றிருந்தவருக்கு 20,000 டொலர் வரையும் கடன் நீக்கப்படும் என்பதே அது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரின் கடன் முற்றாகத் தீர்ந்துவிடும் என்றும், அரசுக்கு ஏறக்குறைய 40,000 கோடி டொலர் செலவாகும் என்றும் மதிப்பிடப்பட்டது.

இத்துணைப் பெரிய தொகையை விட்டுக்கொடுக்கச் சனாதிபதிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 2003ஆம் ஆண்டில், ஈராக்குப் போர்க் காலத்தில், போர்முனை சென்ற வீரரையும் இடருற்றவரையும் மனத்திற்கொண்டு அந்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியிருந்தது. நாடு நெருக்கடியில் இருக்கும்போது கல்விக் கடன் பற்றிய விதிகளைக் கல்விச் செயலாளர் ‘விலக்கவோ திருத்தவோ’ செய்யலாம் என்று அது கூறியது. கொவிட் நோயும் நெருக்கடியே. ஆதலின் இவ்விரு சொற்களும் தள்ளுபடிக்குப் போதும் என்பது அரசின் வாதம்.

நெபிராசுக்கா, மிசூரி முதலிய ஆறு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2023ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் தேதி அந்நாட்டின் மீயுயர் நீதிமன்றம் ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதியரசர் யோன் ரொபேட்சு, ‘திருத்துதல்’ என்பது சிறிய மாற்றங்களையே குறிக்கும் என்றும், சட்டம் அறியாத புதிய தள்ளுபடித் திட்டம் ஒன்றைப் படைக்க அச்சொல் இடந்தராது என்றும் கொண்டார். நாட்டின் கருவூலத்தை இவ்வளவு தூரம் தொடும் செயலுக்குச் சட்டசபையின் தெளிவான அனுமதி வேண்டும் என்பதும் அவர் கருத்து. மறுத்தெழுதிய நீதியரசர் எலெனா கேகன், சட்டத்தின் சொற்கள் விரிந்த அதிகாரத்தையே தருகின்றன என்றும், வழக்காடிய மாநிலங்களுக்கு உண்மையில் எவ்வகை இழப்பும் இல்லை என்றும், நீதிமன்றம் தன் எல்லையைக் கடந்தது என்றும் வாதிட்டார்.

இத்தீர்ப்பைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். தள்ளுபடி நல்லதா தீயதா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. தள்ளுபடி செய்தவருக்கு அவ்வதிகாரம் இருந்ததா என்பதையே ஆராய்ந்தது. வழக்காடியவருக்கு வழக்காடும் உரிமை இருந்ததா என்பதையும் அது கருதிற்று. அதே நாளில், தள்ளுபடியின் முழுப் பயனும் தமக்குக் கிட்டவில்லை என்று முறையிட்ட இருவரின் வேறொரு வழக்கை, அவர்க்கு வழக்காடும் தகுதி இல்லை என்று நீதியரசர் அனைவரும் ஒருமனதாய் ஒதுக்கினர்.

கதை அத்துடன் முடியவில்லை. வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைத்து, எஞ்சிய கடனைக் குறித்த ஆண்டுகளின் பின் நீக்கும் புதிய திட்டம் ஒன்றைப் பைடன் அரசு 2023ஆம் ஆண்டில் வகுத்தது. ஏறத்தாழ 80 இலட்சம் பேர் அதிற் சேர்ந்தனர். எட்டாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் அதனைத் தடுத்து, 2025ஆம் ஆண்டு பெப்ருவரியில் அத்தடையை உறுதி செய்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் அந்நாட்டுச் சட்டசபையே புதிய சட்டம் இயற்றி அத்திட்டத்தை முடிவுக்குக் கொணர வழிசெய்தது. அதற்கு ஈடாக வைத்த திட்டத்தில், எஞ்சிய கடன் நீங்க 30 ஆண்டு காத்திருத்தல் வேண்டும்.

இவ்விரு திட்டங்களும் வீழ்ந்த காலத்திலேயே வேறொரு நிவாரணம் வீழாது நின்றது. ஆசிரியர், தாதியர், அரச ஊழியர் முதலாகப் பொதுப்பணி புரிவோர் 120 மாதத் தவணைகளைச் செலுத்திவிட்டால் எஞ்சிய கடன் நீங்கும் என்று 2007ஆம் ஆண்டிற் சட்டசபை விதித்திருந்தது. அதன் கீழும், அதனையொத்த பழைய சட்டங்களின் கீழும் 2021 முதல் 2025 சனவரி வரையில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடன் நீங்கப்பெற்றனர். நீங்கிய தொகை 18,000 கோடி டொலருக்கு மேலாகும். ஒரே நாடு, ஒரே சனாதிபதி, ஒரே வகைக் கடன். முன்னரே தெளிவாக எழுதிவைத்த நிவாரணம் நின்றது. இரண்டொரு சொற்களின்மேற் பின்னர் எழுப்பிய நிவாரணம் சரிந்தது. இவ்வேறுபாட்டை நம் அன்பர்கள் மனத்திற் பதித்துக்கொள்வார்களாக.

பாரத நாட்டுத் தீர்ப்புகள்

அடுத்து நமக்கு அண்மையிலுள்ள பாரத நாட்டை நோக்குவோம். அங்கு 2001ஆம் ஆண்டு முதல் வங்கிகள் ஒரு பொது மாதிரித் திட்டத்தின்படி கல்விக் கடன் வழங்கி வருகின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட மாணவருக்குப் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டியை அரசு செலுத்தும் திட்டம் ஒன்றும் 2009ஆம் ஆண்டில் வந்தது. கல்விக் கடனைப் பற்றியும், கடன் நிவாரணத்தைப் பற்றியும் அந்நாட்டு நீதிமன்றங்கள் அளித்தவற்றுள் மூன்று நம் ஆராய்ச்சிக்கு உரியன. படிப்போர் ஒன்றை நினைவிற் கொள்க: பாரத நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்கு உரியது, நாடு முழுவதற்கும் மேலானது உச்ச நீதிமன்றம். நம் நாட்டில் மேலானதையே உயர் நீதிமன்றம் என்கின்றோம்.

முதலாவது, கடன் பெறுதல் பற்றியது. வேறு கடன்களின் நிலுவையாற் கடன் தகைமைப் புள்ளி குறைந்துபோன மாணவர் ஒருவருக்கு வங்கி கல்விக் கடன் மறுத்தது. கேரள உயர் நீதிமன்ற நீதியரசர் பி. வி. குஞ்ஞிகிருஷ்ணன் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், அக்காரணம் பற்றிக் கல்விக் கடனை மறுத்தல் கூடாது என்று கருதி, தொகையைக் கொடுக்குமாறு இடைக்காலக் கட்டளை இட்டார். கல்விக் கடனை மதிப்பிடும்போது மாணவரின் நேற்றைய வறுமையைக் காட்டிலும் நாளைய உழைப்பே அளவுகோலாதல் வேண்டும் என்பது இதன் உட்கிடை.

இரண்டாவது, வட்டி பற்றியது. கொவிட் காலத்தில் 2020 மார்ச்சு முதல் ஓகத்து வரை ஆறு மாதங்களுக்குத் தவணைகளைத் தள்ளிவைக்கப் பாரத மைய வங்கி இடமளித்தது. ஆனால், அக்காலத்து வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. அவ்வட்டிக்கும் வட்டி சேர்ந்தது. கல்விக் கடன் உட்பட எட்டு வகைக் கடன்களில், இரண்டு கோடி ரூபாவுக்கு மேற்படாதவற்றுக்கு மாத்திரம் வட்டியின்மேல் வட்டியை நீக்க அரசு இசைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆந் தேதி நீதியரசர் அசோக் பூஷண் தலைமையிலான மூவர் தீர்ப்புக் கூறினர். வட்டி முழுவதையும் தள்ளுமாறு கட்டளையிடல் நீதிமன்றத்தின் வேலையன்று. வைப்புச் செய்தவர்களுக்கு வங்கி வட்டி கொடுத்தல் வேண்டுமாதலின் பொருளாதாரக் கொள்கையை அரசே வகுத்தல் தகும் என்றனர். எனினும், தவணை தள்ளிவைக்க இசைந்தபின் அக்காலத்து வட்டிக்கு வட்டி வாங்குதல் முறையன்று என்றும், தொகை பெரிதாயினும் சிறிதாயினும் அதனை எவரிடமும் பெறலாகாது என்றும், பெற்றிருந்தால் அடுத்த தவணையிற் கழித்துக் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டனர். கடனை மன்னிக்க மறுத்த அதே மன்றம் கடன் கொடுத்தோரின் முறைகேட்டை மாத்திரம் நீக்கியது.

மூன்றாவது தமிழ்நாட்டு வழக்கு. அது கல்விக் கடன் பற்றியதன்று. கூட்டுறவு வங்கிகளில் உழவர் பெற்ற பயிர்க்கடன் பற்றியது. ஆயினும், தள்ளுபடியின் பயன் யாரைச் சேரலாம் என்னும் நுட்பம் அதிலேதான் விளங்கியது. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஐந்து ஏக்கருக்கு மேற்படாத சிறு, குறு உழவரின் கடனை மாத்திரம் தள்ளுபடி செய்தது. பெரிய உழவரையும் சேர்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டு ஏப்ரலிற் கட்டளையிட்டது. அரசு மேன்முறையீடு செய்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர் டி. ஒய். சந்திரசூட், நீதியரசர் ஏ. எஸ். போபண்ணா ஆகியோர் மதுரைக் கிளையின் தீர்ப்பை நீக்கினர். வறட்சியாலும் வெள்ளத்தாலும் மிகவும் நொந்தவர் சிறு உழவரே. உள்ள பணத்தை அவருக்கே பயன்படுத்துதல் சமத்துவத்துக்கு முரணாகாது என்பது அவர் முடிபு. யாவர்க்கும் ஒரே அளவாகப் பகிர்தலே சமத்துவம் என்று நினைப்பார்க்கு இத்தீர்ப்பு நல்ல விடையாகும்.

நம் நாட்டில் நிலை யாது?

இலங்கையிற் கல்விக் கடனாளி ஒருவர் நீதிமன்றத்தை அணுகினால் யாது நிகழும்? முதற்கண் அரசியலமைப்பை நோக்குவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுப் பணத்தின்மேல் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது. ஆதலின், அரசின் கடனைப் பெருமளவில் நீக்குவதற்குரிய வழி பாராளுமன்றத்தின் ஊடாகவே செல்லுதல் வேண்டும். 27ஆம் உறுப்புரை எல்லா நிலைகளிலும் யாவரும் சமமாகக் கல்வி பெறும் வாய்ப்பை அரசு உறுதிப்படுத்தல் வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தைக் கூறுகின்றது. ஆனால், 29ஆம் உறுப்புரை, இவ்வகைத் தத்துவங்களை வைத்து எவரும் நீதிமன்றத்தில் உரிமை கோர இயலாது என்று வாயிலை அடைத்துவிடுகின்றது. கல்வி இலட்சியமாய் எழுதப்பட்டுள்ளது. வழக்காடிப் பெறும் உரிமையாய் அங்கு எழுதப்படவில்லை.

திறந்திருக்கும் வாயில் ஒன்றுண்டு. அது 12ஆம் உறுப்புரை கூறும் சமத்துவ உரிமை. அதனை அரசு மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நேரே அணுகலாம். இதன் வலிமையை நம் மாணவர் 2012ஆம் ஆண்டிற் கண்டனர். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினர். இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. அது நேர்மையன்று என்று கொண்ட உயர் நீதிமன்றம், இரு பகுதியினருக்கும் வேறுவேறாகக் கணிக்கும்படி 2012 யூன் மாதத்திற் கட்டளையிட்டது. ஒருவருக்குத் தந்ததை அவரை ஒத்த மற்றொருவருக்கு மறுத்தால் நீதிமன்றம் தலையிடும். கருவூலத்தைத் திறந்துவிடும்படி கேட்டால் அது பாராளுமன்றத்தின் திசையைக் காட்டும்.

பெருங் கடன் நிவாரணம் நம் நாட்டிலும் அரசின் கையிலிருந்தே வந்தது. 2018ஆம் ஆண்டில், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் பெற்றுச் செலுத்த இயலாதிருந்த பெண்களின் சுமையை நீக்க அரசு திட்டம் வகுத்தது. அது நீதிமன்றக் கட்டளையால் வந்த நிவாரணமன்று.

வங்கியின் கை நீளமானது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கடன் அறவிட வங்கி தொடுக்கும் வழக்கிற் கட்டளை முதலிலேயே பிறப்பிக்கப்படும். கடனாளி எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த காணியை வழக்கின்றியே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிக்கு அளித்தது. பிணையாளியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. முதலிற் கடனாளியிடம் அறவிட்டபின்னரே தன்னிடம் வரவேண்டும் என்று கூறும் உரிமை உரோம-டச்சுச் சட்டப்படி பிணையாளிக்கு உண்டு. ஆனால், பிணைப் பத்திரங்களில் அவ்வுரிமையைத் துறந்ததாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மருமகனின் படிப்புக்காகக் கையொப்பமிடும் மாமன் அவ்வரியை வாசிப்பதில்லை. வாசித்தாலும் பொருள் விளங்குவதில்லை. நம் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் பலர் உளர். கையொப்பம் இடுமுன் அப்பத்திரத்தை வாசித்து விளக்குதல் அவர்கள் கல்லூரிக்குச் செய்யக்கூடிய பெருந்தொண்டாகும்.

தீர்ப்புகளினின்றும் நாம் பெறும் பாடம்

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும்.

முதலாவது: கடனை மன்னிக்கும் அதிகாரம் பணத்துக்கு உரியவரிடமே உண்டு. பொதுப் பணமாயின் சட்டசபைக்கு உண்டு. அதிகாரியின் இரக்கம் அதிகாரம் ஆகாது.

இரண்டாவது: நீதிமன்றம் கருணை இல்லமன்று, அது தராசு. மன்னித்தவருக்கு அதிகாரம் உண்டா, கடன் கொடுத்தவர் முறைகேடு செய்தாரா, ஒத்தவரை ஒத்தவராக நடத்தினரா என்னும் மூன்றையே அது நிறுக்கும்.

மூன்றாவது: நிலைக்கும் நிவாரணம் கடன் கொடுக்கும் நாளிலேயே எழுதப்பெறுதல் வேண்டும். கொடுத்தபின் வேண்டும் நிவாரணம் தேர்தலையும் தீர்ப்பையும் பார்த்து நிற்கும்; பழைய கடனாளி போடியாரின் முகம் பார்த்து நின்றதைப் போல.

கல்விக் கடன் நிவாரணத்தின் எதிர்காலமும் இதுவே என்பது நம் கருத்து. நாடெங்கும் ஒருநாளிற் கடனெல்லாம் நீங்கும் என்னும் அறிவிப்பை நம்பி இளைஞர் காத்திருத்தல் தகாது. வருமானத்துக்கு ஏற்ற தவணை, குறித்த ஆண்டின் பின் முடிவு, பொதுப்பணிக்குச் சலுகை, இறப்புக்கும் பெருநோய்க்கும் விலக்கு ஆகியவற்றைச் சட்டத்திலேயே எழுதும்படி கேட்டல் வேண்டும். நம் நாட்டு வட்டியில்லாக் கடன் பெற்றோரின் தொகை ஆண்டுதோறும் வளர்கின்றது. அவருட் பலர் தவணை தவறும் காலம் வந்தபின் சட்டம் தேடுவதைக் காட்டிலும், இப்பொழுதே பாராளுமன்றம் அதனை வகுத்தல் நன்று.

நம் நிதியத்துக்கு ஒரு விண்ணப்பம்

இனி, நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். நாம் அமைக்க எண்ணும் நிதியம் சிறிதாயினும் சட்டத்துக்கு உட்பட்டதே. நம் நாட்டில் நம்பிக்கைப் பொறுப்புகளை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆள்கின்றது. பொறுப்பாளர் பொறுப்புறுதியின் விதிகளுக்கு அடங்கி நடத்தல் வேண்டும். நிதியத்தின் பணத்தைத் தம் விருப்பப்படி விட்டுக்கொடுத்தல் ஆகாது. இன்று கடனாகக் கொடுத்துவிட்டு, ‘இயலாதவரிடம் நாம் கேட்கவா போகின்றோம்?’ என்று வாயாற் கூறுதல் எளிது. பத்தாண்டின் பின் வரும் செயற்குழு, உறுதியில் அதிகாரம் இல்லாதபோது, இரக்கத்தால் விட்டால் விதியை மீறும். விதியைக் காத்தால் வறிய வீட்டின் கதவைத் தட்டும். அமெரிக்கக் கல்விச் செயலாளர் அகப்பட்ட இக்கட்டில் நம் பொருளாளரும் அகப்படுவார்.

ஆதலின், நாம் பணிவுடன் முன்வைப்பது இது. மிக வறிய பிள்ளைகளுக்கு உதவியை நன்கொடையாகவே அளிப்போமாக. தமிழ்நாட்டு வழக்கிற் கண்டவாறு, நொந்தவருக்கு முதலிடம் தருதல் நடுவுநிலைமைக்கு மாறன்று. ஆயின், யார் வறியவர் என்னும் அளவுகோல் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஓரளவு இயன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடனாக அளிப்பதாயின், அதற்கு வட்டி வேண்டா, பிணையாளியும் வேண்டா. வேலை கிடைத்து, குறித்த அளவு வருமானம் வந்தபின்னரே தவணை தொடங்கட்டும். பத்தாண்டு முறையாகச் செலுத்தியபின் எஞ்சியது தானே நீங்கட்டும். படித்து முடித்து நம் எழுவான்கரை, படுவான்கரைப் பாடசாலைகளிலோ மருத்துவமனைகளிலோ பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டும் கடனில் ஒரு பங்கு கழியட்டும். இறப்பும் தீரா நோயும் கடனை முடிக்கட்டும். இவையாவும் முதற்காசு கைமாறுமுன் பொறுப்புறுதியில் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பெறட்டும்.

‘இவ்வாறாயின் பணம் திரும்புமா?’ என்று பொருளாளர் கேட்பது நியாயமே. முழுதும் திரும்பாது. ஆனால், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து நடந்தும், குருமண்வெளித் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்தும் கற்க வந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்று தம் ஊதியத்திற் கல்லூரிக்குக் கொடுக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்போமாக. அவர்களிடம் எவரும் பத்திரம் எழுதி வாங்கவில்லை, தவணை கேட்கவுமில்லை. தாம் பெற்றதைப் பின்வருவோர்க்குக் கொடுத்தல் கடன் என்று அவர்களே உணர்ந்தனர்.

அக்கடனை எந்த நீதிமன்றமும் விதிப்பதில்லை. எந்த நீதிமன்றமும் தள்ளுபடி செய்வதுமில்லை. நம் நிதியம் அதன்மேல் நிற்குமாக.